எந்த ஆனி மூர்? - கடல் கடந்து தொலைந்தவர்களைத் தேடும் கதை

1892ஆம் ஆண்டு, ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் அன்றுதான் திறக்கப்பட்டது. நியூயார்க் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குப் பிழைக்க வருபவர்களில் பெரும்பாலோர் இனி இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வாசலில் முதல் ஆளாகப் பெயர் பதிந்துகொண்டது அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண். பெயர் ஆனி மூர். கூடவே அந்தோணி, ஃபிலிப் என்று இரண்டு தம்பிகள். 'நெவாடா' என்ற கப்பலில், மலிவான கீழ்த்தளத்தில் பயணம் செய்து வந்திருந்தார்கள். அம்மா அப்பா ஏற்கனவே நியூயார்க் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் பின்னால் வந்து சேர்கிறார்கள்.

முதல் ஆள் என்பதற்காக அதிகாரி அவள் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் பத்திரிகைகளில் அவள் பெயர் வந்தது. அத்தோடு சரி. ஆனி மூர் கூட்டத்தில் கலந்து காணாமல் போனாள்.

அப்புறம் அவள் என்ன ஆனாள்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க 114 வருடங்கள் ஆயின! அதற்குள் ஒரு தவறான பதில் பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. ஊரறிந்த ஒரு பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், பத்திரிகையில் பெயர் வராமல் கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எப்படித் தேடுகிறார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

உயிரோடு இருப்பவனுக்கு ஒரு துக்க வீடு

முதலில் கொஞ்சம் பின்னணி. 1841ல் அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 81 லட்சத்து 75 ஆயிரம். 1845ல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் வந்தது. ஏழைக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அடுத்த சில வருடங்களில் பட்டினியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1851 கணக்கெடுப்பில் மிஞ்சியது 65 லட்சத்துச் சொச்சம். பஞ்சம் முடிந்தும் கப்பல்கள் நிற்கவில்லை. இன்றுகூட அயர்லாந்து தீவின் மொத்த ஜனத்தொகை 1841ஐ எட்டவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இழப்பின் அளவு புரியும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்தால் இரவெல்லாம் பிணத்தோடு விழித்திருப்பார்கள். அதை 'வேக்' என்பார்கள். அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவனுக்கும் முதல் நாள் இரவு அதே மாதிரி ஊர்கூடி விழித்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'அமெரிக்கன் வேக்'. உயிரோடு இருக்கிறவனுக்கே துக்க வீடு! திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று இரண்டு பக்கமும் தெரியும்.

கடிதம் வரும், சில சமயம் கூடவே பணமும் வரும். பிறகு ஒரு நாள் கடிதம் நின்றுவிடும். செத்துப்போனானா, வேறு ஊருக்குப் போனானா, எழுதத் தெரிந்த நண்பன் பக்கத்தில் இல்லையா, ஒன்றும் தெரியாது. இப்படித்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு 'காணாமல் போன மாமா' உருவானார்.

எரிந்த கதை பாதி, எரித்த கதை பாதி

சரி, அரசாங்கத்தில் பதிவேடுகள் இருக்குமே, அதைப் பார்த்தால் போயிற்று என்று தோன்றலாம். அயர்லாந்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

1922 ஜூன் 30. டப்ளின் நகரில் 'ஃபோர் கோர்ட்ஸ்' என்ற நீதிமன்ற வளாகம். உள்நாட்டுப் போரின் ஆரம்ப நாட்கள். வளாகத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள் மீது புதிய அரசின் படை பீரங்கியால் சுட்டது. அந்த வளாகத்துக்குள்தான் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகமும் இருந்தது. பெரிய வெடிப்பும் தீயும் சேர்ந்து பல நூற்றாண்டுக் காகிதங்களைச் சாம்பலாக்கின. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வீட்டுத் தாள்கள் அதில் போயின. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பகுதிகள் மட்டும் தப்பின.

எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போட முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே முன்பே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக அரைபட்டன. ஆக, முழுதாக நமக்குக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901. அடுத்தது 1911. இரண்டையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் பஞ்ச காலத்தில் கப்பலேறியவன் 1901 கணக்கெடுப்பில் எப்படி இருப்பான்? அவன் போய் 50 வருடம் ஆகிவிட்டதே!

சாம்பலில் மிஞ்சியவை

இங்கேதான் தேடுகிறவர்களின் சாமர்த்தியம். நேர்வழி அடைபட்டால் பக்கவாட்டில் ஒரு வழி. ஆட்களைக் கணக்கெடுத்த தாள் போனால் என்ன, வரி போட்ட தாள் இருக்கிறதே!

'கிரிஃபித் மதிப்பீடு' என்று ஒன்று. 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுவதும் நிலத்தையும் வீட்டையும் அளந்து, யார் குடியிருக்கிறார், யாருக்குக் குத்தகை கட்டுகிறார், மதிப்பு எவ்வளவு என்று பட்டியல் போட்டார்கள். நோக்கம் வரி வசூல். இன்றைக்கு அதுவே பஞ்சகால அயர்லாந்தின் குடும்பத் தலைவர்கள் பட்டியலாகப் பயன்படுகிறது. அதற்குப் பிறகும் அதிகாரிகள் அதைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஒரு பெயரை அடித்துவிட்டு, வேறு நிற மையில் புதுப் பெயரை எழுதுவார்கள். அப்பா பெயர் அடிபட்டு மகன் பெயர் வந்தால் அநேகமாக அப்பா காலமாகிவிட்டார். முற்றிலும் வேறு குடும்பத்தின் பெயர் வந்தால், அவர்கள் ஊரைவிட்டே போயிருக்கலாம்.

இன்னொரு வழி இன்னும் சுவாரசியமானது. 1908ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது ஆனவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. வயதுக்கு என்ன சான்று? அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்யத் தொடங்கியதே 1864ல்தான். எனவே அன்றைய 70 வயதுக்காரர் யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆகவே கிழவர்களும் கிழவிகளும் விண்ணப்பம் போட, அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களில் தேடிப் பார்த்து, கிடைத்த விவரத்தைப் படிவத்தில் எழுதினார்கள். பிற்பாடு மூலத்தாள்கள் எரிந்தன. படிவங்கள் பிழைத்தன! ஓய்வூதியம் கேட்டவரின் தம்பி தங்கைகள் பெயர்கூடச் சில படிவங்களில் இருக்கும். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் பாஸ்டனில் காணாமல் போன மாமாவாக இருப்பார்.

மூன்றாவது, கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். இவை அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் டப்ளின் தீ அவற்றைத் தொடவில்லை. 2015ல் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் படங்களை இணையத்தில் ஏற்றியது. பெயர்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். ஆனாலும் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயரோடு இருக்கும். அவர்கள் அநேகமாகச் சொந்தக்காரர்கள்தான் என்பதால் ஒரே பதிவில் நான்கு பேர் கிடைத்துவிடுவார்கள்.

2022ல், தீப்பிடித்த நூறாவது ஆண்டில், எரிந்த காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்டும் முயற்சியும் தொடங்கப்பட்டது. வேறு நாடுகளின் காப்பகங்களில் இருந்த நகல்களையும் குறிப்புகளையும் சேர்த்து அடுக்குகிறார்கள்.

அக்கரையில் என்ன கிடைக்கும்?

இத்தனையும் பயன்பட வேண்டுமானால் ஒன்று தெரிந்தாக வேண்டும். எந்த ஊர்? வெறும் 'அயர்லாந்து' என்றால் ஒன்றும் நடக்காது. 'கவுன்டி கார்க்' என்றாலும் போதாது. கவுன்டிக்குள் பங்கு, பங்குக்குள் 'டவுன்லேண்ட்' எனப்படும் சின்னஞ்சிறு நிலப்பகுதி வரை போனால்தான் ஆள் அகப்படுவார். இந்த ஊர்ப்பெயரைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அயர்லாந்து அல்ல, போய்ச் சேர்ந்த நாடு!

அமெரிக்காவில் 1820 முதல் கப்பல் பயணிகளின் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் பழைய பட்டியல்களில் பெயர், வயது, தொழில், 'அயர்லாந்து' என்பதோடு முடிந்துவிடும். ஒரே கப்பலில் மூன்று ஜான் மர்ஃபி இருந்தால் யார் நம் ஜான் மர்ஃபி?

இங்கே ஒரு கட்டுக்கதையையும் சொல்லிவிட வேண்டும். 'எல்லிஸ் தீவு குமாஸ்தா எங்கள் தாத்தா பெயரை மாற்றிவிட்டான்' என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். உண்மையில் பெயர்ப்பட்டியல் கப்பல் கம்பெனிக்காரர்களால் கிளம்பும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பிற்பாடு தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். ஓ'சலிவன் வெறும் சலிவன் ஆனதும் இப்படித்தான்.

ஊர்ப்பெயர் கிடைக்கும் அருமையான இடம் ஒன்று உண்டு. பாஸ்டனில் 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை 'காணாமல் போன நண்பர்கள்' என்று ஒரு விளம்பரப் பகுதி வெளியிட்டது. மனைவி கணவனைத் தேடுகிறாள், அண்ணன் தம்பியைத் தேடுகிறான், ஊரில் இருக்கும் தாய் மகனைத் தேடுகிறாள். எந்தக் கவுன்டி, எந்தப் பங்கு, எந்த வருடம் கப்பலேறினான், கடைசியாக எந்த ரயில்பாதை வேலையில் பார்த்தார்கள் என்று விவரமாக இருக்கும். அன்று அது கண்ணீர். இன்று அது தகவல் களஞ்சியம். அந்த விளம்பரங்கள் திரட்டப்பட்டு, புத்தகத் தொகுதிகளாகவும் இணையத்திலும் கிடைக்கின்றன.

வங்கி கேட்ட கேள்விகள்

வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஆவணம் ஒன்று உண்டு. 1850ல் நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்கு உதவும் சங்கத்தினர் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார்கள். பெயர் 'எமிக்ரன்ட் இண்டஸ்ட்ரியல் சேவிங்ஸ் பேங்க்'. வீட்டு வேலைக்காரப் பெண்கள், கூலிக்காரர்கள், தெரு வியாபாரிகள் எல்லாம் கணக்குத் திறந்தார்கள்.

வங்கிக்கு ஒரு சிக்கல். ஒரே பெயரில் நிறையப் பேர். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. புகைப்பட அடையாள அட்டை என்ற ஒன்று அன்றைக்கு ஏது? நாளைக்கு வேறு ஒரு மேரி கெல்லி வந்து பணத்தைக் கேட்டால்? அதனால் கணக்குத் திறக்கும்போதே கேள்வி கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள். எந்த ஊரில் பிறந்தாய்? அப்பா அம்மா பெயர் என்ன, உயிரோடு இருக்கிறார்களா? கூடப் பிறந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்? எந்தக் கப்பலில், எந்த வருடம் வந்தாய்? பணம் எடுக்க வரும்போது இவற்றையே திருப்பிக் கேட்டுச் சோதிக்கலாம். அதனால் அந்தப் புத்தகங்களுக்குப் பெயரே 'டெஸ்ட் புக்'.

இன்றைக்கு வங்கிகள் 'கேஒய்சி' என்று கேட்பதன் தாத்தா இது! ஏமாற்றுக்காரனைத் தடுக்க எழுதி வைத்த வரிகள், 150 வருடம் கழித்துக் குடும்பத்தைச் சேர்த்துவைக்கின்றன. இப்போது அவை நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. டைலர் ஆன்பிண்டர் என்ற வரலாற்று ஆசிரியர் இதே ஏடுகளை வைத்து, பஞ்சத்தில் வந்தவர்கள் நாம் நினைத்ததைவிட அதிகம் சேமித்தார்கள் என்று காட்டினார். எல்லோரும் சேரியிலேயே கிடந்து மடிந்தார்கள் என்ற பழைய சித்திரத்தை மாற்றியது ஒரு வங்கிப் பேரேடு.

டெக்சாஸ் ஆனி

இனி ஆனி மூருக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஒரு பதில் பரவியது. ஆனி மேற்கே போனாள், டெக்சாஸில் ஓர் ஐரிஷ் வம்சத்துக்காரரை மணந்தாள், 1923ல் டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று. அந்தப் பெண்ணின் வாரிசுகள் அதை மனதார நம்பினார்கள். விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள், கௌரவிக்கப்பட்டார்கள். கதையும் அமெரிக்கர்களுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. கிழக்கே வந்து இறங்கி, மேற்கே போய்ப் புது வாழ்வு! யாரும் சரிபார்க்கவில்லை.

2002ல் மேகன் ஸ்மோலெனியாக் என்ற வம்சாவளி ஆய்வாளர், ஒரு ஆவணப்பட வேலைக்காக இதைப் பார்க்கப்போனார். டெக்சாஸ் ஆனியைப் பற்றிய கணக்கெடுப்புப் பதிவைப் பார்த்தால் பிறந்த இடம் இல்லினாய் மாநிலம் என்று இருந்தது! அமெரிக்காவிலேயே பிறந்தவள் எல்லிஸ் தீவு வழியாக எப்படிக் குடியேறியிருக்க முடியும்? பெயர் ஒன்று, ஆள் வேறு.

கணக்குப் பதிவியலில் முதலில் சொல்லிக்கொடுப்பது, சான்றுச்சீட்டு இல்லாமல் பதிவு கூடாது என்பது. இங்கே பேரேட்டில் பதிவு இருந்தது, சான்றுச்சீட்டு மட்டும் இல்லை.

தம்பி வழியாக அக்கா

தவறு என்று சொல்லிவிடலாம். சரி எது? 2006ல் ஸ்மோலெனியாக், உண்மையான ஆனியைக் கண்டுபிடித்தால் 1000 டாலர் பரிசு என்று இணையத்தில் அறிவித்தார். சில வாரங்களிலேயே விடை வந்தது.

பெண்களைத் தேடுவதில் உள்ள பெரிய கஷ்டம், கல்யாணத்தோடு பெயர் மாறிவிடும். ஆனி மூர் என்ற பெயரில் எத்தனை தேடினாலும் 'திருமதி யாரோ' கிடைக்க மாட்டாள். ஆனால் தம்பியின் பெயர் மாறாதே! நியூயார்க் நகர ஆவணத்துறைத் தலைவராக இருந்த பிரையன் ஆண்டர்சன், தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைப் பதிவைக் கண்டெடுத்தார். அங்கிருந்து ஃபிலிப்பின் குடும்பம், அவர் வாரிசுகள், அவர்கள் வழியாக ஆனி.

உண்மையான ஆனி டெக்சாஸ் பக்கமே போகவில்லை. இறங்கிய நியூயார்க்கிலேயே, லோயர் ஈஸ்ட் சைட் என்ற நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில், சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்து முடித்திருக்கிறார். ஜெர்மன் வம்சாவளியைச் சேர்ந்த ஜோசப் ஷேயர் என்பவரை 1895ல் மணந்தார். 11 பிள்ளைகள். வளர்ந்து பெரியவர்களானது 5 பேர்தான். 1924ல் இதயக் கோளாறால் இறந்தார். வயது 50. குவீன்ஸ் பகுதியில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில், இறந்த குழந்தைகளில் சிலரோடு, பெயர்ப்பலகை இல்லாத குழியில் புதைக்கப்பட்டார்.

இன்னொரு சின்னத் திருத்தமும் உண்டு. கரையிறங்கிய அன்று அவளுக்கு 15வது பிறந்தநாள் என்று கதை சொல்லும். பதிவேடு, 1874 மே மாதம் பிறந்தவள் என்கிறது. அப்படியானால் அன்று வயது 17. பிறந்தநாளும் இல்லை.

எது பெரிய கதை?

டெக்சாஸ் கதையோடு ஒப்பிட்டால் இது சப்பென்று இருப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கப்பலேறி வந்த பெரும்பாலானோரின் கதை எது? மேற்கே போய் நிலம் வாங்கிய கதையா, வாடகை அறையில் பிள்ளைகளைப் பெற்று, பாதியைப் பறிகொடுத்து, மீதியை ஆளாக்கிய கதையா? முதல் ஆளாகப் பதிந்தவள் என்பதற்காக எந்த ஆனியை எல்லோரும் கொண்டாடினார்களோ, அவளுடைய குழியில் ஒரு கல்கூட இல்லை. வேறொருத்தியின் பெயரால் விழா நடந்துகொண்டிருந்தது.

2008 அக்டோபரில் கால்வரியில் அவருடைய குழிக்கு அயர்லாந்துச் சுண்ணாம்புக் கல்லில் சிலுவை நட்டார்கள். இறந்து 84 வருடங்கள் கழித்து.

டெக்சாஸ் குடும்பத்தையும் மறக்கக் கூடாது. பல வருடம் தங்களுடையது என்று நம்பிய பாட்டியின் பெருமையை அவர்கள் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய பாட்டியும் ஒரு நிஜமான மனுஷிதான். இல்லினாயில் பிறந்த அந்த ஆனிக்கும் சொந்தமாக ஒரு வாழ்க்கை இருந்தது. அடுத்தவளின் கதையைச் சுமந்த காலத்தில், அவளுடைய கதையும் சேர்ந்து மறைந்திருந்தது. ஒரு தவறான பதிவால் தொலைந்தது ஒருத்தி அல்ல, இரண்டு பேர்.

தங்கள் வீட்டு மாமாவையோ அத்தையையோ தேடுகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. வீட்டில் சொல்லும் கதையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். தேடும் ஆளை மட்டும் பார்க்காமல், கூடப்பிறந்தவர்கள், ஞானத்தாய், பக்கத்து வீட்டுக்காரர் என்று சுற்றி இருப்பவர்களையும் பாருங்கள். பெயர் பொருந்தியதும் துள்ளிக் குதிக்காமல், வயதும் ஊரும் பெற்றோரும் பொருந்துகிறார்களா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஆனியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்தப் பொறுமைதான். கப்பலிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய சின்னத்தம்பி, கடைசியில் அவள் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தான்.